பெயர் நீக்கப்படாத அட்டை

ஐப்பசி மழையில் இடி இறங்கிய மறுநாள் காலை எனக்கு வந்த முதல் அழைப்பு, தெருமுனையில் இருக்கும் ஒரு கணக்கர் அலுவலகத்திலிருந்து. ஐந்து கணினி, ஒரு பிரிண்டர், மூலையில் ஒரு ஸ்விட்ச் பெட்டி, ஒரு ரவுட்டர், அவ்வளவுதான் அங்கே. ஐந்தில் ஒன்றில்தான் வாடிக்கையாளர்களின் கணக்குக் கோப்புகள் எல்லாம் இருக்கின்றன. மற்ற நான்கும் 192.168.1.10 என்ற முகவரிக்குப் போய் அவற்றை எடுத்துக்கொள்ளும். முந்தின இரவு அந்த முக்கியமான கணினியின் லேன் போர்ட் போய்விட்டது. சர்வீஸ் பார்க்கும் தம்பி விடிந்ததும் வந்து, புது லேன் கார்டு ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருந்தார். இணையம் வந்துவிட்டது. ஆனால் மற்ற நான்கு கணினிகளுக்கும் கோப்புகள் கிடைக்கவில்லை.

"பழைய முகவரியையே போடப் பார்த்தாராம் சார். வேற ஒரு அடாப்டர் அதை வச்சிருக்குன்னு திரையில வந்துதாம். எதுக்கு வம்புன்னு கடைசி எண்ணை 11-னு போட்டுட்டுப் போயிட்டாரு" என்றார் அங்கே வேலை பார்க்கும் பெண். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே கேட்டார்: "எரிஞ்சு போனது போனதுதானே சார்? அது எப்படி முகவரியை வச்சிருக்கும்?"

கணினித் துறையில் பல ஆண்டு இருப்பவர்களும் நின்று கேட்காத கேள்வி இது. அவருக்கு அன்று நான் சொன்ன பதில் போதவில்லை என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எரிந்தது எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். மின்னல் கணினிமேல் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலே போதும். சுவரோரமாகவும் கூரைக்கு மேலும் ஓடும் நீளமான செம்புக் கம்பி ஆன்டெனாபோல நடந்துகொண்டு, ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குப் பெரும் அழுத்தத்தை உள்ளே தள்ளிவிடும். ஈத்தர்நெட் போர்ட்டுக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் கம்பியையும் சிப்பையும் பிரித்தே வைத்திருக்கின்றன. 1,500 வோல்ட் வரை அந்தப் பிரிவு தாங்க வேண்டும் என்பது தரவிதி. மின்னல் அந்த விதிக்குள் நிற்காது. அதனால்தான் இடிமழைக்குப் பிறகு மற்றதெல்லாம் நன்றாக இருக்க, லேன் போர்ட் மட்டும் செத்துக் கிடக்கும் கணினிகள் ஊருக்கு ஊர் கிடைக்கின்றன.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். இயக்கியதும் கணினி, சிப்புகளையும் கார்டுகளையும் இணைக்கும் பிசிஐ பாட்டையில் (பஸ்) ஒவ்வோர் இடத்திடமும் "யார் அங்கே?" என்று கேட்கிறது. அங்கே ஒரு சிப் இருந்தால், தயாரிப்பாளரின் எண்ணையும் தன் மாதிரி எண்ணையும் சொல்லும். இன்டெலின் எண் 8086. அவர்களுடைய புகழ்பெற்ற சிப்பின் பெயரையே அடையாள எண்ணாக வைத்துக்கொண்டார்கள். யாரும் பதில் சொல்லாவிட்டால், எல்லாப் பிட்டும் 1 ஆக, அதாவது 65,535 என்ற மதிப்பு திரும்பி வரும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. காலியாக இருக்கும் இடமும் 65,535 என்கிறது. எரிந்துபோன சிப் இருக்கும் இடமும் 65,535 என்கிறது. பயாஸில் தற்காலிகமாக அணைத்து வைத்த சிப்பும் அதையேதான் தருகிறது. கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறோமா, அடுத்த வாரம் திரும்பச் செருகப் போகிறோமா, குப்பையில் போட்டுவிட்டோமா என்பதைக் கணினி அறிந்துகொள்ள வழியே கிடையாது. அதற்குத் தெரிவதெல்லாம் இன்று பதில் வரவில்லை என்பது மட்டும்தான்.

நம் குடும்ப அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் காலமானால் அவர் பெயர் தானாக அட்டையிலிருந்து மறைந்துவிடாது. இறப்புச் சான்றிதழை வைத்து யாராவது பெயர் நீக்கம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை, வேலைக்காக வெளியூர் போனவரும் மறைந்தவரும் அட்டையில் ஒன்றுதான். விண்டோஸ் வைத்திருக்கும் சாதனப் பதிவேடும் இப்படித்தான். முதல் முறை ஒரு சாதனத்தைப் பார்த்ததும் அதற்கு ஒரு பதிவு போடுகிறது. சாதனம் காணாமல் போனாலும் பதிவு இருக்கும். அந்தப் பதிவைத் திறந்து பார்த்தால், 'இந்தச் சாதனம் இப்போது கணினியில் இணைக்கப்படவில்லை' என்ற பொருளில் ஒரு வரியும், 45 என்ற குறியீட்டு எண்ணும் இருக்கும். தொழில்நுட்பர்கள் இவற்றைக் கோஸ்ட் அடாப்டர் என்பார்கள். நான் ஆவி என்றே சொல்லப் பழகிவிட்டேன்.

பதிவு மட்டும் இருந்தால் பரவாயில்லை. நெட்வொர்க் கார்டின் பதிவோடு நாம் கையால் கொடுத்த எல்லாமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாம் 192.168.1.10 என்று எழுதும்போது அது கார்டுக்குள் போய் உட்காருவதில்லை. சிப்பில் அதற்கு இடமே இல்லை. முதல்முறை கார்டைப் பார்த்தபோது விண்டோஸ் அதற்கென்று ஒரு நீண்ட அடையாள எண்ணை உருவாக்கி, ரெஜிஸ்ட்ரி என்ற தன் பதிவேட்டில் அந்த எண்ணின் பெயரில் ஒரு அறை திறந்து வைத்தது. ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ் எல்லாம் அந்த அறையில்தான் இருக்கின்றன. கார்டு எரிந்தது, அறை எரியவில்லை. புதுக் கார்டு வந்ததும் அதற்குப் புது எண், புது அறை. அந்த அறை காலி, அதனால் யாரும் எதுவும் எழுதாவிட்டால் ரவுட்டர் தரும் ஏதோ ஒரு முகவரியை வாங்கிக்கொள்கிறது. அப்போதும் இணையம் வருவது அதனால்தான். 'ஈத்தர்நெட்' என்ற பெயரும் பழையதிடமே இருப்பதால் புதியது 'ஈத்தர்நெட் 2' ஆகிறது. பெயரை மாற்றப் போனால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று மறுக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பட்டியலிலோ அப்படி ஒன்று இருக்காது. இந்த இடத்தில் குழம்பிப்போய், தேவையே இல்லாத வேலையாக விண்டோஸையே மறுபடி நிறுவியவர்களை நான் அறிவேன்.

சர்வீஸ் தம்பி பார்த்துப் பயந்த செய்தியில் உண்மையில் எல்லாம் தெளிவாகவே இருக்கிறது. இந்த முகவரி வேறொரு அடாப்டருக்குத் தரப்பட்டிருக்கிறது, அந்த அடாப்டர் இப்போது கணினியில் இல்லை, இரண்டும் ஒருசேர இயங்கினால் ஒன்றுதான் இந்த முகவரியைப் பயன்படுத்த முடியும் என்று சொல்லிவிட்டு, இல்லாத அடாப்டரிடமிருந்து முகவரியை எடுத்துவிடலாமா என்றும் புதிய விண்டோஸ்கள் கேட்கின்றன. ஆம் என்று சொல்லியிருந்தால் அன்று காலையே பாதி வேலை முடிந்திருக்கும். ஆனால் நான்கு வரி ஆங்கிலத்தில், எச்சரிக்கைக் குறியோடு, வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்கும்போது வரும் கேள்வி அது. தெரியாததைத் தொடாமல் ஒதுங்கிப்போன அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, விண்டோஸ் ஏன் இப்படி எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்கிறது? இதற்கு விடை தேடும்போது, அதே அலுவலகத்தின் மூலையில் இருந்த ஸ்விட்ச் பெட்டிதான் எனக்கு உதவியது. அந்தப் பெட்டியும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: எந்தத் துளையில் எந்த வன்பொருள் முகவரி இருக்கிறது என்று. மேக் முகவரி எனப்படும் அது 48 பிட் நீளமுள்ளது. பழைய போர்ட்டின் மேக் முகவரியும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆனால் இடி விழுந்து ஐந்து நிமிடத்துக்குள் ஸ்விட்ச் அதை மறந்திருக்கும். 300 நொடி பேச்சு மூச்சு இல்லாவிட்டால் பதிவை அழித்துவிடுவது ஸ்விட்சுகளின் வழக்கமான இயல்பு. ஒரே அறையில், ஒரே கார்டைப் பற்றி, ஒரு கருவி ஐந்து நிமிடத்தில் மறந்தது. இன்னொன்று ஆண்டுக்கணக்கில் மறக்காது.

வேறுபாடு இதுதான். ஸ்விட்ச் தெரிந்துகொண்டதெல்லாம் தானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது. மறந்தாலும் நஷ்டமில்லை, அந்தக் கார்டு அடுத்த முறை ஒரு வார்த்தை பேசினால் மறுபடி கற்றுக்கொள்ளும். 192.168.1.10 என்பதோ அப்படி வந்ததல்ல. எப்போதோ ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, கையால் எழுதியது. விண்டோஸ் அதை அழித்துவிட்டால் கம்பியில் எத்தனை நாள் காது வைத்துக் கேட்டாலும் திரும்பக் கிடைக்காது. தானே திரும்பக் கற்க முடிந்ததை ஓர் இயந்திரம் தாராளமாக மறக்கலாம். மனிதர் கற்றுக்கொடுத்ததை மனிதர் சொல்லாமல் மறக்கக் கூடாது. நல்ல பொறியாளர்கள் எடுத்த சரியான முடிவு என்றுதான் இதைச் சொல்வேன். யூஎஸ்பி வைஃபையைக் கழற்றி மறுநாள் செருகும்போது எல்லா அமைப்பும் அப்படியே இருக்கிறதே, அந்த வசதியின் மறுபக்கம்தான் இந்த ஆவி.

யூஎஸ்பி பற்றிச் சொன்னேன். அதில் ஒரு நுட்பம் உண்டு, பலரையும் அலைக்கழிப்பது. ஒரு சாதனம் போனமுறை வந்த அதே சாதனம்தானா என்பதை விண்டோஸ் எப்படி முடிவு செய்கிறது? யூஎஸ்பி சாதனத்துக்குள் தனித்த வரிசை எண் எழுதப்பட்டிருந்தால், எந்தத் துளையில் செருகினாலும் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். மலிவான சாதனங்கள் பலவற்றில் அந்த எண் இருப்பதில்லை. அப்போது விண்டோஸுக்கு இருக்கும் ஒரே துப்பு, எந்தத் துளை என்பதுதான். ஆகவே ஒரே வைஃபை டாங்கிளை முன்பக்கத் துளையில் ஒரு நாள், பின்பக்கத் துளையில் ஒரு நாள், யூஎஸ்பி ஹப்பில் ஒரு நாள் என்று செருகினால் மூன்று பதிவுகள், மூன்று அறைகள். இரண்டாவது பதிவின் பெயருக்குப் பின்னால் '#2' என்றும் மூன்றாவதற்கு '#3' என்றும் வாலும் முளைக்கும். கணினிக்குள் செருகும் பிசிஐ கார்டுகளிலும் வரிசை எண் இல்லாதவை உண்டு. அப்படிப்பட்ட கார்டைக் கழற்றித் தூசி தட்டி அடுத்த ஸ்லாட்டில் செருகினால் அது விண்டோஸுக்குப் புது ஆள். எதுவுமே எரியாமல், எதையுமே மாற்றாமல் ஆவி பிறக்கும் வழி இது.

லினக்ஸ் இதே சிக்கலை வேறு இரண்டு விதமாகக் கையாண்டு பார்த்தது. இரண்டும் எனக்குப் பிடித்த கதைகள். ஆரம்பத்தில் அங்கே எந்த நினைவும் கிடையாது. இயங்கத் தொடங்கும்போது முதலில் கண்ணில் படும் கார்டு ஈத்0, அடுத்தது ஈத்1. ஒரே கார்டு இருக்கும்வரை சுகம். இரண்டு கார்டு உள்ள ஃபயர்வால் கணினியில், இன்று முதலில் எழுந்தது நாளை இரண்டாவதாக எழுந்தால், வெளியுலகுக்கான வாசலும் வீட்டுக்குள் திறக்கும் வாசலும் இடம் மாறிவிடும். பாதுகாப்புக்காக வைத்த கணினிக்கு இதைவிட ஆபத்து இல்லை. எனவே யூடெவ் என்ற நிரல், ஒவ்வொரு கார்டின் மேக் முகவரியையும் அதன் பெயரையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கத் தொடங்கியது. கோப்பின் பெயர் '70' என்ற எண்ணில் தொடங்கும். பழைய லினக்ஸ் நிர்வாகிகளுக்கு அது மறக்காது. சர்வரின் மதர்போர்டை மாற்றினால் புதுக் கார்டின் மேக் முகவரி கோப்பில் இருக்காது. ஈத்0 என்ற பெயரோ செத்துப்போன கார்டின் பெயரில் பூட்டியிருக்கும். புதியது ஈத்1 ஆக எழும். அமைப்புக் கோப்புகள் எல்லாம் ஈத்0 பற்றியே பேசிக்கொண்டிருக்கும். சர்வர் நெட்வொர்க் இல்லாமல் நிற்கும். அந்தக் கோப்பில் பழைய கார்டின் ஒரு வரியை நீக்கிவிட்டு மறுபடி இயக்கினால் சரியாகிவிடும். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் எத்தனை இரவு விழித்திருப்பார்கள்!

2013 ஜனவரியில் வந்த, சிஸ்டம்டி என்ற லினக்ஸ் நிரலின் 197-ஆம் பதிப்பு அணுகுமுறையையே மாற்றியது. கார்டு யார் என்பதை விடு, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார், என்றது. 3-ஆவது பாட்டையில் 0-ஆவது ஸ்லாட்டில் இருக்கும் ஈத்தர்நெட் கார்டின் பெயர் என்பி3எஸ்0. எரிந்த கார்டைக் கழற்றி அதே இடத்தில் இன்னொன்றைச் செருகினால் அதே பெயர் வந்துவிடும். ஆவிக்கு இடமில்லை. ஆனால் இடமும் முழுக்க நம்பத்தக்கதல்ல. புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டையோ வேகமான எஸ்எஸ்டியையோ செருகினால், சில மதர்போர்டுகளில் பாட்டை எண்கள் ஒன்று தள்ளிப் போய்விடுகின்றன. தொடாத நெட்வொர்க் கார்டு என்பி4எஸ்0 ஆகிவிடுகிறது. புது வீடு கட்டியதால் தெருவில் எல்லோருடைய கதவு எண்ணும் மாறிப்போவதுபோல. ஒரு பொருளை அதன் எண்ணால் அடையாளம் காண்பதா, இருக்கும் இடத்தால் காண்பதா என்பதற்குக் குறையில்லாத விடை இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்புவோம். அங்கே நான் செய்தது இவ்வளவுதான். ஸ்டார்ட் பொத்தானின்மேல் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். மேலே வியூ பட்டியலில், மறைந்த சாதனங்களைக் காட்டு என்பதைத் தேர்ந்தேன். நெட்வொர்க் அடாப்டர்கள் பகுதி விரிந்தது. புதுக் கார்டு பளிச்சென்று, '#2' என்ற வாலோடு. அதற்கு மேலே, அதே பெயரில், வாலில்லாமல், வெளிறிய எழுத்தில் பழையது.

"இதுதானா சார்?" என்று திரையின் பக்கம் குனிந்தார் அந்தப் பெண்.

அதுதான். வெளிறிய அந்தப் பெயரின்மேல் வலது கிளிக், அன்இன்ஸ்டால். அப்போது டிரைவரையும் அழிக்கவா என்று ஒரு சிறு பெட்டி டிக் செய்யச் சொல்லிக் கேட்டது. இங்கே நிதானம் வேண்டும். பழையதும் புதியதும் ஒரே நிறுவனத்தின் சிப் என்றால் இரண்டுக்கும் ஒரே டிரைவராக இருக்கலாம். டிக் செய்தால் உயிரோடு இருப்பதும் சேர்ந்து படுத்துவிடலாம். அதனால் அந்தப் பெட்டியை விட்டுவிட்டேன். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மறைந்தவற்றைக் காட்டும்போது 'வான் மினிபோர்ட்' என்று தொடங்கும் ஏழெட்டுப் பெயர்களும் பட்டியலில் வந்து நிற்கும். அவை ஆவிகள் அல்ல. விபிஎன் முதலிய வேலைகளுக்காக விண்டோஸே வைத்திருப்பவை. அவை வெளிறியிருக்காது. வெளிறாததைத் தொட வேண்டாம். விண்டோஸ் 7 அல்லது அதற்கு முந்தையது என்றால், மறைந்ததைக் காட்டச் சொன்னால் மட்டும் போதாது. கமாண்ட் சாளரத்தில், இல்லாத சாதனங்களையும் காட்டச் சொல்லும் ஒரு சூழல் மாறியை 1 என்று வைத்து, அதே சாளரத்திலிருந்து டிவைஸ் மேனேஜரைத் திறக்க வேண்டும். பழைய பில்லிங் கணினிகள் இன்றும் ஓடும் கடைகளில் இது உதவும்.

ஆவி போனதும் புதுக் கார்டுக்கு 192.168.1.10 என்று எழுதினேன். எந்த மறுப்பும் இல்லை. பெயரையும் 'ஈத்தர்நெட்' என்று மாற்றினேன். அது தானாக மாறாது, நாம்தான் மாற்ற வேண்டும். நான்கு கணினிகளிலும் கோப்புகள் திறந்தன. ரவுட்டரில் பழைய மேக் முகவரிக்கு யாராவது நிரந்தர முகவரி ஒதுக்கியிருக்கிறார்களா என்றும் பார்த்தேன். அதுவும் கையால் எழுதப்படுவது, அதனால் அதுவும் தானாக மறையாது. இங்கே அப்படி எதுவும் இல்லை.

உலோகமே இல்லாத கார்டுகளுக்கும் இந்த விதி உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே இயந்திரத்துக்குள் பத்து மெய்நிகர் கணினிகளை ஓட்டும் தரவு மையங்களில், மெய்நிகர் கார்டின் வகையை மாற்றினாலே உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒரு கார்டு செத்து இன்னொன்று பிறந்த கதைதான். எரிந்த வாசனை வராது, ஆவி வரும்.

அந்த அலுவலக வேலையை முடித்துவிட்டு வந்த இரவு ரெஜிஸ்ட்ரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நெட்வொர்க் கார்டுகள் அனைத்தையும் விண்டோஸ் ஒரே பிரிவின்கீழ் அடுக்குகிறது. அந்தப் பிரிவுக்கும் ஒரு நீண்ட அடையாள எண் உண்டு. உலகத்தில் எந்த விண்டோஸ் கணினியைத் திறந்தாலும் அதே எண்தான். அதன் கடைசிப் பன்னிரண்டு இடங்கள்: 08002பிஇ10318. அந்த எண் அமைந்திருக்கும் முறைப்படி, முன்பகுதி அது உருவான நேரம். கிரிகோரியன் நாட்காட்டி தொடங்கிய 1582 அக்டோபர் 15-லிருந்து, ஒரு நொடியைக் கோடியாகப் பிரித்து எண்ணுவது. கடைசிப் பகுதி, எண்ணை உருவாக்கிய கணினியின் நெட்வொர்க் கார்டு முகவரி. தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1995 ஆகஸ்ட் 30. சாதனத்தைச் செருகினாலே கண்டுகொள்ளும் வசதியை வீடுகளுக்குக் கொண்டுவந்த விண்டோஸ் 95 விற்பனைக்கு வந்த ஆறாம் நாள். 08-00-2பி என்று தொடங்கும் மேக் முகவரிகள் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனுக்கு ஒதுக்கப்பட்டவை. 1980-இல் இன்டெலோடும் ஜெராக்ஸோடும் சேர்ந்து ஈத்தர்நெட்டின் பொது வரையறையை வெளியிட்ட மூன்று நிறுவனங்களில் ஒன்று அது. 1998-இல் அதைக் காம்பாக் வாங்கியது. 2002-இல் காம்பாக் எச்பியோடு கலந்தது. நிறுவனம் இல்லை. அந்தக் கார்டு இன்னும் எங்காவது இயங்குகிறது என்று நினைக்க வழியில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "அப்போ அதையும் நீக்கிடலாமா சார்?" என்று கேட்டார். கூடாது. அந்தப் பிரிவை அழித்தால், கணினியில் இருக்கும் ஒரு நெட்வொர்க் கார்டையும் விண்டோஸுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும்.